பதினான்காம் கட்டிலுக்குப் போன சோறு

அண்ணே,

இன்று காலை டிஸ்பென்சரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உடைந்தது. அதிலிருந்து வந்த வாசம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்திருக்கிறது.

நான் இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, ஒரு தமிழ் டாக்டரிடம் மருந்து கலந்து கொடுக்கிறேன். டாக்டருக்கு என் மகன் வயசு. சீமையிலிருந்து கப்பலில் வந்த பொட்டலம் ஒன்றை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். மரச் சீவலுக்கு நடுவே விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே தண்ணீர் மாதிரி மருந்து. ஒரு குழாய் வழியிலேயே விரிசல் விட்டிருக்கிறது. எடுத்த எடுப்பில் அவர் கையிலேயே உடைந்தது. பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க பெரியவரே. என்ன வாசம், சொல்லுங்க."

தவிட்டு வாசம். நம் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் பின்னால், நீங்கள் அரிசி களைந்து கொட்டிய இடத்தில் வெயில் ஏற ஏற வருமே, அதே வாசம்.

"தவிட்டுலேருந்து பிரிச்சு எடுத்திருக்காங்க. பெரிபெரிக்கு ஊசி. மூச்சு விட முடியாம உக்காந்திருக்கிற ஆளு ரெண்டு நாள்ல எழுந்திரிக்கிறானாம். செத்த நரம்புக்கே உயிர் வருதுன்னு எழுதியிருக்கான்" என்றார்.

ஒரு ரிக்‌ஷா இழுக்கிற சீனருக்காக அவர் அதைத் தருவித்திருந்தார். அந்த ஆள் போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். டாக்டர் மிச்சக் குழாய்களை அலமாரிக்குள் வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அண்ணே. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். கிள்ளானுக்குப் போகிற ரயிலின் ஊதல் கேட்கிற தூரம், அத்தாப்பு ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் கட்டில் போட்ட நீளமான வார்டு. நான் நாகப்பட்டினத்தில் பாதிரியார் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராகச் சேர்ந்திருந்தேன். நீங்கள் தோட்டத்தில் காடு வெட்டி, கையில் கத்தி பட்டு அதே வார்டில் படுத்து, குணமான பிறகு அதன் சமையல்கட்டிலேயே தங்கிவிட்டவர். இடது கை சுண்டுவிரல் மடங்காது. அந்த விரலை நீட்டிக்கொண்டே நீங்கள் கரண்டி பிடிப்பதைப் பார்த்து வார்டுக்காரர்கள் சிரிப்பார்கள். குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பீர்கள். உங்கள் வாயில் வராத வசவு கிடையாது. உங்கள் தட்டுக்குக் காத்திராத நோயாளியும் கிடையாது.

அப்போது ஈயச் சுரங்கங்களிலிருந்து பெரிபெரி கண்ட ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு முழங்கால் வரைக்கும் ஏறும். ஆடுசதையை லேசாக அழுத்தினாலே அலறுவார்கள். நடந்தால், சேற்றில் நடக்கிறவன் மாதிரி காலைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும். நெஞ்சு படபடவென்று அடித்து ஒரு நாள் நின்றுவிடும். கட்டடத்தில் ஏதோ கிருமி இருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். பாயை எரித்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கார்பாலிக் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக் கழுவி என் கை தோல் உரிந்தது. நோய் நின்றபாடில்லை. வேறு வியாதிக்கு வந்து படுத்தவர்களுக்கும் வார்டிலேயே அது வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரான வெள்ளைக்காரத் துரை புதிதாக வந்தவர், ஒல்லியான மனிதர். அடிக்கடி மலேரியாவில் நடுங்கிக்கொண்டே வார்டைச் சுற்றுவார். அரிசியில்தான் கோளாறு என்று வேறு இடங்களில் சிலர் சந்தேகப்படுவதை ஏதோ மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். இந்த ஊரில் சீனனுக்கு வருகிறது, மலாய்க்காரனுக்கு வருகிறது, புழுங்கலரிசி தின்கிற தமிழனுக்கு ஏன் வருவதில்லை என்று என்னிடம் கேட்டார். சமையல்கட்டில் வந்து உங்களிடம் சொன்னேன்.

"இத கேக்க ஒரு தொரை வேணுமா? நான் வந்த வருசமே பாத்தேன். நம்மாளு எவன் காலு செத்துப் படுத்திருக்கான்? என்னைய எவன் கேட்டான்?" என்றீர்கள்.

அடுத்த வாரம் ஆணை வந்தது. ஒற்றைப்படை எண் கட்டிலுக்குப் புழுங்கல் சோறு. இரட்டைப்படைக்கு வழக்கமான வெள்ளைச் சோறு, மில்லில் தீட்டிய அரிசி. மற்றதெல்லாம் ஒன்று: அதே மீன், அதே காய். இரண்டு பானையும் உங்கள் பொறுப்பு. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் முழங்காலிலும் சுத்தியலால் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்து, ஊசி முனையால் குத்தி உணர்ச்சி எதுவரை இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. அந்த நோட்டை நான் எவ்வளவு அழகாக எழுதினேன் தெரியுமா! துரை அதைப் புரட்டிப் பார்த்து, "இதை அச்சில் போடும்போது உன்னைப் பற்றியும் சொல்வேன்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆ லோக் படுத்திருந்தது பதினான்காம் கட்டில். அவனுக்குப் பெரிபெரி இல்லை, அண்ணே. சுரங்கத்தில் மண் சரிந்து தொடை எலும்பு முறிந்து வந்த சீனன். முப்பது வயசு இருக்கும். காலில் பலகை கட்டிப் படுத்தபடியே பிரம்பு வாங்கி உங்கள் சமையல்கட்டுக்குக் கூடை பின்னிக் கொடுத்தான். அதற்குக் கூலியாக நீங்கள் மீன் தலையை அவனுக்கு ஒதுக்கினீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பேசிய கடைத்தெரு மலாயும் ஒன்றுக்கொன்று மோசம். ஆனாலும் மத்தியானம் சோறு போட்டு முடித்ததும் அவன் கட்டில் ஓரமாகக் குந்திக்கொண்டு சுருட்டுப் பிடிப்பீர்கள். ஒரு மணி நேரம் என்னதான் பேசுவீர்களோ, இரண்டு பேரும் சிரிப்பது மட்டும் கேட்கும்.

எதிர்வரிசைச் சீனர்கள் புழுங்கல் சோற்றை "பூசுக், பூசுக்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டியபோது, தனக்கு நாறாத வெள்ளைச் சோறு கிடைத்தது என்று ஆ லோக் அவர்களைக் கேலி செய்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. பலகையை அவிழ்த்து அவனை எழுப்பி நிறுத்தினோம். நிற்கவில்லை. ஒடிந்த கால்தானே என்று நினைத்தேன்; பலகை கட்டிப் படுத்திருந்தவனை மட்டும் நான் வாராவாரம் தட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அவன் நல்ல காலைத் தட்டிக் காட்டி, "காக்கி மாத்தி" என்றான். சோற்று வாளியோடு நின்ற நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"கேட்டியா தம்பி? காலு செத்துப்போச்சுங்கறான். ஒடியாத காலு."

சுத்தியலால் தட்டினேன். துள்ளவில்லை. ஊசியால் குத்தினேன். கெண்டைக்காலின் பாதி வரைக்கும் அவனுக்குத் தெரியவில்லை. நோட்டில் எழுதினேன். துரை படித்துவிட்டு வருத்தப்பட்டார், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அவர் கண் ஜொலித்ததையும் பார்த்தேன். என் கண்ணும் அப்படித்தான் ஜொலித்திருக்க வேண்டும். இரட்டைப்படை வரிசையில் ஆள் ஆளாகக் கால் விழுந்துகொண்டிருந்தது. ஒற்றைப்படையில் ஒருவனுக்கும் புதிதாக வரவில்லை.

பிறகு ஒரு விசித்திரம். பதினான்காம் கட்டில் மட்டும் தேற ஆரம்பித்தது. முதலில் ஆடுசதை வலி போனது. மரத்த இடம் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆ லோக் நின்றான். ஒரு வெள்ளிக்கிழமை முழங்காலைத் தட்டியபோது லேசாக ஒரு துடிப்பு. துரையிடம் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"வெள்ளை அரிசி தின்றுகொண்டே ஒருவன் குணமாகிறான் என்றால் என் எண்ணமே தப்பு. நாம் வீணாகக் கஷ்டப்பட்டிருக்கிறோம்" என்றார். நோட்டை மூடிவிட்டு மறுபடியும் கிருமியைத் தேடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் நீங்கள் சோறு போடுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். பன்னிரண்டாம் கட்டிலுக்கு வெள்ளைப் பானை. பதினாறுக்கு வெள்ளைப் பானை. நடுவில் பதினாலுக்கு மட்டும், தட்டின் அடியில் புழுங்கல், மேலே ஒரு கை வெள்ளைச் சோறு தூவி மூடியிருந்தது.

சமையல்கட்டுக்கு வந்து கேட்டேன். நீங்கள் மறைக்கவே இல்லை.

"ஆமா, மாத்தித்தான் போடுறேன். இருபத்தஞ்சு நாளாச்சு. நிக்கிறான் பாத்தியா?"

"அண்ணே, இது தொரையோட ஆராய்ச்சி. நீங்க இப்படிப் பண்ணா எல்லாம் கெட்டுப்போயிடும்."

"ஆராய்ச்சி கெட்டா கெடட்டும். ஆளு கெடலையே."

"இது தெரியலைன்னா தொரை அரிசி காரணம் இல்லைன்னு விட்டுடுவாரு. அப்புறம் சுரங்கத்துல இருக்கிறவன் பூராவும் சாவான். நான் சொல்லித்தான் ஆகணும்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். அதுவரை நீங்கள் என்னிடம் கெஞ்சிப் பார்த்ததில்லை.

"சொல்லு, தாராளமா சொல்லு. ஆனா அவன விட்டுடச் சொல்லு. அவனுக்குப் பொளங்கல போடச் சொல்லிட்டு அப்புறம் உன் ஆராய்ச்சிய நடத்து. இந்த ஒண்ண கேட்டு வாங்கு தம்பி."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன். துரையிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். நான் உங்கள் கோரிக்கையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசத் தொடங்கினார். இதைவிட நல்ல ருசு கிடைக்காது, ஒரே ஆள், ஒரே கட்டில், வெள்ளையில் விழுந்தான், புழுங்கலில் எழுந்தான். இனி வெள்ளைக்கு மாற்றி மறுபடியும் விழுந்தால் எந்த மேலதிகாரியும் மறுக்க முடியாது, மூன்று வாரம் போதும், அதற்குப் பிறகு எல்லாருக்கும் புழுங்கல் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நியாயமாகவே பட்டது. நீங்கள் கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை.

மறுநாள் உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீங்கள் துணி மூட்டையோடு வார்டுக்குள் வந்து பதினான்காம் கட்டில் பக்கத்தில் நின்றீர்கள். ஆ லோக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதி பின்னிய கூடையைத் தூக்கிக் காட்டி, முடித்துவிட்டுப் போ என்கிற மாதிரி எதையோ சொன்னான். நீங்கள் அவன் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே நடந்தீர்கள். என்னைக் கடக்கும்போது, "வரேன் டிரஸ்ஸரே" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை.

மூன்றாவது வாரம் முடியுமுன்பே ஆ லோக் செத்துப்போனான்.

துரையின் எண்ணம் சரி என்று ஆயிற்று. நம் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் புழுங்கல் சோறு வந்தது. வார்டுக்குள் அந்த நோய் நின்றது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, பண்டமாரானுக்கு அப்பால் நீங்கள் புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தைத் தேடி வந்தேன். உங்கள் பேச்சுத்தான் சரி என்று ருசுவாகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டீர்கள்.

"அவன் இருக்கானா?"

"இல்லண்ணே. போயிட்டான்."

கத்தியைக் கீழே வைக்காமலே இருந்தீர்கள். "எப்படிப் போனான்?"

"நெஞ்சு நின்னுடுச்சு."

"அந்தத் தொரைதான் கொன்னான். கடைசி வரைக்கும் மாத்த வுடலையா பாவி?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க டிரஸ்ஸரே? நான் சொன்னது சரின்னு சொல்றதுக்கா? அது எனக்குத் தெரியுமே."

எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். மூன்று வருஷம் கழித்து நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாக அந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு நோயாளி சொன்னான். புதைத்து அப்போதே நாலு மாதம் ஆகியிருந்தது. இடத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். புதுக் கன்று நட்டிருந்தார்கள்; அடையாளம் சொல்ல ஆள் இல்லை.

துரையின் கட்டுரை அச்சில் வந்தது. என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உங்களைப் பற்றி இருக்காது என்பது எனக்கே தெரியும். ஆ லோக் ஒரு எண்ணாக இருந்தான். அதைப் படித்தவர்கள் படித்திருப்பார்கள். சுரங்கத்துக் கொட்டகைகளில் சமைத்தது என்னவோ வெள்ளை அரிசிதான். நான் பார்த்த வேலைக்காலம் முழுவதும், கப்பல் கப்பலாக அது போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஊர் ஊராக மாற்றல் வாங்கிப் போனேன். போன இடத்திலெல்லாம் வீங்கிய கால்கள். "பொளங்கல் தின்னு" என்று சொன்னால் நாறுகிறது என்பார்கள். இப்போது நம்மவர்களுக்கும் நாறுகிறது, அண்ணே. என் மருமகள் வெள்ளை அரிசிதான் வாங்குகிறாள். ரயில்வே கிளார்க்கு வீட்டில் கூலிச் சோறு பொங்கினால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். மகன், "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, விடு" என்று அவளிடம் சொல்வது என் காதில் விழுந்தது. அவள் இப்போது மாசமாக இருக்கிறாள். நேற்று மாலை காலை நீட்டி உட்கார்ந்து, பாதம் மதமதவென்று இருக்கிறது என்றாள். நான் போய் அவள் முழங்காலைத் தட்டிப் பார்க்க முடியுமா? மாமனார் நான். மகனிடம் மட்டும் சொன்னேன். கர்ப்பிணிக்கு அப்படித்தான் இருக்கும் என்றான்.

ஊசி வந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்கிறார் டாக்டர். அவர் நல்ல மனிதர், நம்பட்டும். ஒரு கண்ணாடிக் குழாய் எத்தனை பேருக்கு எட்டும்? புழுங்கலில் தங்குகிற தவிட்டுச் சத்தை வெள்ளை அரிசியில் தீட்டி எறிந்துவிட்டு, அதையே சீமையில் காய்ச்சிக் குழாயில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். அதுவும் ஆள் செத்த பிறகு வந்து சேர்கிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

அந்த மூன்றாம் வாரத்தில் துரை வேலையாகத் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன் ஆ லோக்கின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "இவனுடைய நெஞ்சு தடுமாறினால் எனக்காகக் காத்திருக்காதே. அரிசியை மாற்றிவிடு. உன் கண்ணை நான் நம்புகிறேன்" என்றார். இதுதான் அவர் சொன்னது. நீங்கள் அவரைப் பாவி என்று திட்டியபோது நான் தலையாட்டினேனே, அந்த மனிதர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையிலேயே அவனுக்கு நாடி தாறுமாறாக ஓடியது. கழுத்து நரம்பு துடிப்பது இரண்டு கட்டில் தள்ளி நின்றாலே தெரிந்தது. படுக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோட்டில் எல்லாம் எழுதினேன். துரை அடுத்த நாள் வந்துவிடுவார். அவர் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பக்கம் முழுதாகிவிடும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மத்தியானம் புதுச் சமையற்காரன் இரண்டு வாளியோடு வந்து நின்றான். அவனுக்கும் பதினான்காம் கட்டில் விவகாரம் தெரியும்.

"இவருக்கு எதுண்ணே போட?" என்று என்னைக் கேட்டான்.

ஆ லோக் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தது.

அவன் மறுநாள் முற்பகல் போனான், துரையின் ரயில் வருவதற்கு முன்னால். ஒரு வேளைச் சோற்றை மாற்றியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், மருத்துவம் தெரிந்தவன் என்கிற முறையில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, அண்ணே. மாற்றினால் பிழைப்பான் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பிக்கொண்டுதான், அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளை" என்று சொன்னேன்.